நம்மூர்ப் படத்தை நம்மூர்ப் படமாகவே தேடுவது

திருகோணமலையில் வடிவமைப்புத் தொழில் செய்பவரிடம் வரும் வேலைகள் பெரும்பாலும் தெரிந்தவைதான். உப்புவெளி விருந்தினர் விடுதிக்கு ஒரு துண்டுப்பிரசுரம், கடற்றொழிலாளர் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் பதாகை, கோயில் திருவிழாவுக்கு மலர், கல்வி நிலையத்துக்குச் சுவரொட்டி, வருடக் கடைசியில் கலண்டர். வேலை கொடுப்பவர் வாசகத்தைத் தாளில் எழுதித் தருவார், படம் தரமாட்டார். "நெற்றில இருந்து ஒரு நல்ல படமா எடுத்துப் போடுங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு வரிக்குள் இரண்டு பொறுப்புகள் உங்கள் தலையில் ஏறிவிடுகின்றன. எடுக்கும் படத்தை அச்சிட உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். அந்தப் படம் உண்மையிலேயே இந்த ஊரைக் காட்ட வேண்டும். பலர் முதலாவதைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். எனக்கு இரண்டாவதும் அதே அளவு முக்கியம். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இலவசப் படத் தளம் ஒன்றில் ஆங்கிலத்தில் 'இலங்கை மீனவர்' என்று தேடிப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே கடலுக்குள் நட்ட கம்பத்தில் குந்தியிருந்து தூண்டில் போடும் மனிதர்கள் வரிசையாக வருவார்கள். அது கொக்கலை, அகங்கமை, வெலிகமைப் பக்கத்துத் தென்கரைக் காட்சி. நம் கரையில் அப்படி யாரும் மீன் பிடிப்பதில்லை. இங்கே கரைவலை இழுப்பார்கள், வள்ளத்தில் போவார்கள், இயந்திரப் படகில் ஆழ்கடலுக்குப் போவார்கள். கொட்டியாரக் குடாவில் வலை போடும் ஒருவரின் சங்கப் பதாகையில் கம்பத்து மீனவர் இருந்தால், அவரைப் பற்றிய பதாகையில் அவரே இல்லை என்று அர்த்தம். கரையில் நிற்கும் சிறுபிள்ளைக்கும் அது தெரியும். வடிவமைத்தவருக்கு மட்டும் தெரியாமற்போகக் கூடாது. 'இலங்கைப் பெண்' என்று தேடினால் தேயிலைக் கொழுந்து பறிப்பவர், 'இலங்கைக் கோட்டை' என்று தேடினால் காலிக் கோட்டை, 'இந்துக் கோயில்' என்று தேடினால் மதுரைக் கோபுரம். நாட்டின் பெயரைக் கொடுத்தால் சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகும் இடங்களே முன்னுக்கு வரும். ஆகவே நாட்டின் பெயரால் தேடாதீர்கள், இடத்தின் பெயரால் தேடுங்கள்.

இடத்தின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. டிரிங்கோமலி என்று ஆங்கிலத்தில் தேடினால் பாய்மரக் கப்பல் ஒன்றின் படங்கள் ஏராளமாக வந்து விழும். அது பிரித்தானியக் கடற்படைக்காக பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1817இல் நீரில் இறக்கப்பட்ட எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. நம் ஊரின் பெயரைத் தாங்கிக்கொண்டு இன்று இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் நகரில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அழகான கப்பல்தான், ஆனால் அதன் பின்னால் தெரிவது நம் துறைமுகம் அல்ல. தேடல் சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியை ஹார்ட்லிபூல் என்ற ஆங்கிலச் சொல்லோடு ஒட்டி எழுதினால் பல தேடல்களில் அந்தக் கப்பல் விலகிவிடும். அதைவிட நல்ல வழி, ஊரின் பெயரை விட்டுவிட்டு ஊருக்குள் இருக்கும் இடங்களின் பெயர்களால் தேடுவது: கோணேஸ்வரம், சுவாமி ரொக் என்ற சுவாமி மலை, ஃபோர்ட் பிரெட்ரிக், உப்புவெளி, நிலாவெளி, பிஜன் ஐலண்ட் என்று வெளியார் எழுதும் புறாத்தீவு, கன்னியா, கிண்ணியா, மூதூர், சைனா பே என்ற சீனக்குடா. இவற்றில் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். எல்லா எழுத்துக்கூட்டலிலும் ஒருமுறை தேடுங்கள். தமிழில் தேடவும் மறக்காதீர்கள். நம்மவர்கள் ஏற்றிய படங்களுக்குத் தமிழில் மட்டுமே விவரம் எழுதப்பட்டிருப்பதும் உண்டு.

எங்கே தேடுவது

நம் ஊரைப் பொறுத்தவரை நான் முதலில் போகச் சொல்வது விக்கிமீடியா பொதுவகத்துக்கு. 2004இல் தொடங்கிய இந்தக் களஞ்சியத்தில் இப்போது பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் இருக்கின்றன. இதன் பலம் பகுப்புகள். திருகோணமலை மாவட்டத்துக்கான பகுப்பைத் திறந்து, அதன் உட்பகுப்புகளில் ஒவ்வொன்றாக இறங்கிப் போனால், தேடல் பெட்டியில் எந்தச் சொல்லைப் போட்டும் கிடைக்காத படங்கள் கிடைக்கும். ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எடுத்தவர், தேதி, உரிமம் எழுதியிருக்கும். சிலவற்றில் எடுத்த இடத்தின் ஆள்கூறும் இருக்கும். படம் நம் ஊர்தானா என்று உறுதிசெய்ய அந்த ஆள்கூறு பெரிய உதவி.

அடுத்தது ஃபிளிக்கர். கிழக்குக் கரைக்கு வந்துபோன பயணிகள் ஏற்றிய படங்கள் அங்கே நிறைய. ஆனால் அவற்றில் பெரும்பகுதி எல்லா உரிமையும் எடுத்தவருக்கே என்ற நிலையில் இருப்பவை. தேடிய பின், உரிமத்துக்கான வடிகட்டியில் கிரியேட்டிவ் கொமன்ஸைத் தெரிவு செய்த பிறகுதான் படங்களைப் பார்க்கத் தொடங்குங்கள். முதலில் பார்த்து மனம் பறிகொடுத்துவிட்டுப் பிறகு உரிமம் பார்ப்பது வீண் வேதனை. பல களஞ்சியங்களை ஒரே இடத்தில் தேட ஓப்பன்வேர்ஸ் என்ற தேடல் தளம் இருக்கிறது.

அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ், பிக்ஸபே மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. படங்கள் பளபளப்பாக இருக்கும், பெயர் குறிப்பிட வேண்டிய கட்டாயமும் இல்லை. தனிப்பட்ட ஊரைத் தேடுவதற்கு இவை உதவுவது குறைவு. அலை, மணல், ஓலை, மீன் செதில், துருப்பிடித்த சங்கிலி, மழை மேகம் போன்ற பொதுவான பின்னணிகளுக்கு மிக நல்லவை. ஒரு கவனம்: அன்ஸ்பிளாஷ் 2021இல் படங்களை விற்கும் கெட்டி நிறுவனத்தின் கைக்குப் போனது. பெக்சல்ஸும் பிக்ஸபேயும் 2019இல் கன்வாவுடன் சேர்ந்தன. இத்தகைய தளங்களில் தேடும்போது இலவசப் படங்களுக்கு இடையிலேயே காசுக்கு விற்கும் படங்களும் விளம்பரமாக வரும். மேல் வரிசையில் வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடாதீர்கள்.

இன்னொரு கவனமும் இப்போது சேர்ந்துகொண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்கள் இலவசத் தளங்களில் கலந்து கிடக்கின்றன. பாறை உச்சியில் கோயில், கீழே கடல் என்று கோணேஸ்வரம் போலவே ஒன்று வரும். கோபுரத்தின் நிலைகளும் சிலைகளின் கைகளும் உற்றுப் பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும். கோயில் மலரில் இல்லாத கோபுரத்தை அச்சிட்டு அடியார் கையில் கொடுப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஐயம் வந்தால் கூகுள் லென்ஸில் அல்லது டின்ஐ தளத்தில் படத்தைக் கொடுத்து அதன் மூலத்தைத் தேடுங்கள். திருக்கேதீஸ்வரத்தின் படம் கோணேஸ்வரம் என்ற பெயரில் வருவதையும் அதே வழியில் பிடித்துவிடலாம்.

பழைய படங்கள்: நம் ஊரின் செல்வம்

பழைய படங்களில் நம் துறைமுகத்துக்கு வாய்த்த அளவு இலங்கையில் பல ஊர்களுக்கு வாய்க்கவில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று இந்தத் துறைக்கு ஆசைப்பட்ட எல்லோரும் அதை வரைந்தார்கள், அளந்தார்கள், பின்னர் படமும் பிடித்தார்கள். இன்று அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது.

ஒல்லாந்தர் காலத்துக்கு ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத் தளத்தைப் பாருங்கள். உரிமைக் காலம் முடிந்த ஓவியங்கள், வரைபடங்கள், செதுக்குப் படங்களை அது மிக உயர்ந்த தரத்தில் இலவசமாகத் தருகிறது. கட்டணமும் இல்லை, அனுமதிக் கடிதமும் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பால்தேயு பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலின் இலங்கைப் படத்தகடுகளும் பல களஞ்சியங்களில் கிடைக்கும். பிரித்தானிய நூலகம் 2013 டிசம்பரில் தன் பழைய நூல்களிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை ஃபிளிக்கரில் கட்டுப்பாடின்றி வெளியிட்டது. அங்கே தேடும்போது பழைய எழுத்துக்கூட்டல் வேண்டும். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரின் இறுதியில் வரும் இரட்டை 'ஈ'க்குப் பதிலாக 'ஏ', 'வை' என்ற எழுத்துகளைப் போட்டுப் பாருங்கள். ஃபோர்ட் பிரெட்ரிக் என்ற பெயர் 1803இல் வந்தது. அதற்கு முந்திய படம் அந்தப் பெயரில் அகப்படாது.

இரண்டாம் உலகப் போர்க் காலம் இதைவிட வளமானது. பிரித்தானியாவின் கிழக்குக் கடற்படை இங்கே தளம் கொண்டிருந்தது; 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின. கடற்படையின் உத்தியோகபூர்வப் படப்பிடிப்பாளர்கள் எடுத்த படங்கள் இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1957 ஜூனுக்கு முன் பிரித்தானிய அரசுக்காக எடுக்கப்பட்ட புகைப்படங்களுக்கு எடுத்த நாளிலிருந்து ஐம்பது ஆண்டுகளே முடியுரிமை எனப்படும் அரசுப் பதிப்புரிமை. ஆகவே அவை எப்போதோ பொதுவுடைமையாகிவிட்டன. அருங்காட்சியகத்தின் சொந்தத் தளம் தன் கோப்புகளுக்குத் தனி நிபந்தனை போடுகிறது. விக்கிமீடியா பொதுவகத்தில் அதே வரிசைப் படங்கள் பல, பொதுவுடைமை என்ற குறிப்போடு கிடைக்கின்றன. 1944இல் பிரித்தானியக் கப்பல்களோடு சேர்ந்து இங்கிருந்து இயங்கிய சரட்டோகா என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் பற்றியும் தேடுங்கள். அமெரிக்க மத்திய அரசின் ஊழியர்கள் கடமையின்போது எடுக்கும் படங்களுக்கு அந்நாட்டுச் சட்டத்தில் பதிப்புரிமையே இல்லை. 2018இல் மேர்சி என்ற மருத்துவக் கப்பல் திருகோணமலைக்கு வந்தபோது அமெரிக்கக் கடற்படையினர் எடுத்த படங்களும் அப்படியே. திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகும் படகுக்காரருக்கு அட்டை வடிவமைக்கிறீர்களா? அமெரிக்கக் கடல்சார், வளிமண்டல நிறுவனமான நோவாவின் படக் களஞ்சியத்தில் நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் இருக்கின்றன. வேறு கடலில் எடுத்தவை என்பதால் 'நாம் கண்டது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

ஆனால் பழையது எல்லாம் இலவசம் என்று நினைக்கக் கூடாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படம் எடுத்தவரின் ஆயுட்காலமும் அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை நிற்கும். எடுத்தவர் பெயர் தெரியாமல் வெளியான படத்துக்கு, முதலில் வெளியான நாளிலிருந்து 70 ஆண்டுகள். 1944இல் இறந்த இலங்கைப் படப்பிடிப்பாளர் லயனல் வெண்ட்டின் படங்களுக்கு இந்தக் கணக்குப்படி 2014உடன் காலம் முடிந்தது. கோணேஸ்வரத்துக்குக் கீழே கடலடியில் பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் 1956இல் கண்டு உலகுக்குச் சொன்னவர்கள் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும். வில்சன் 1995இல் இறந்தார். ஆகவே அவர் எடுத்த நீரடிப் படங்களுக்கு 2065 முடியும்வரை உரிமை இருக்கிறது. கிளார்க் 2008வரை வாழ்ந்தார். அந்தப் படங்கள் முகநூலில் கைமாறிக் கைமாறி வருகின்றன. மலரில் போட ஆசை வருவது இயல்பு. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் போடாதீர்கள். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்திலும் ஆவணகம் தளத்திலும் ஈழத்துப் பழைய இதழ்களும் படங்களும் வாசிக்கக் கிடைக்கின்றன. வாசிக்கத் திறந்திருப்பது வேறு, மறுபடி அச்சிட அனுமதி வேறு. ஒவ்வோர் ஆவணத்தின் உரிமைக் குறிப்பையும் பாருங்கள்.

வானத்திலிருந்து ஒரு படம்

துண்டுப்பிரசுரத்துக்கு வரைபடம் கேட்டால் பலரும் கூகுள் வரைபடத்தை அப்படியே திரைப்பிடிப்பு எடுத்துப் போடுகிறார்கள். அதற்கு நிபந்தனைகள் உண்டு, அச்சிலும் அழகாக வராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை கோப்பர்னிக்கஸ் தளத்திலிருந்து இலவசமாக இறக்கலாம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். தரவின் பெயரையும் ஆண்டையும் ஓரத்தில் குறிப்பிட்டால் போதும். ஒரு புள்ளி பத்து மீற்றர் என்ற அளவில், உள்துறைமுகமும் டச்சுக் குடாவும் சுவாமி மலையின் முனையும் தெளிவாகத் தெரியும். மே முதல் செப்டெம்பர் வரை எடுத்த படங்களில் தேடுங்கள், முகில் குறைவாக இருக்கும். வடகீழ்ப் பருவமழை நாட்களில் முகில் விலகிய படம் ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள். மகாவலி கொண்டுவரும் வண்டல் கொட்டியாரக் குடாவில் பழுப்பு நிறத்தில் விரிவதைப் பார்க்கலாம். சுற்றுச்சூழல் பற்றிய பிரசுரத்துக்கு அதைவிட நல்ல அட்டைப்படம் எனக்குத் தெரியவில்லை.

உரிமத்தை வாசிப்பது

கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்களில் நான்கு நிபந்தனைகளை வேறுபடுத்தி அறிந்தால் போதும். பெயர் குறிப்பிடு என்பது எளிது. வணிகம் வேண்டாம் என்பது விடுதி விளம்பரத்துக்கு ஆகாது. கோயில் மலருக்கும் அதைத் தவிர்க்கவே சொல்வேன், ஏனெனில் நம் மலர்களில் பாதிப் பக்கம் கடை விளம்பரம். மாற்றம் வேண்டாம் என்பது வடிவமைப்பாளருக்குப் பயனே இல்லை. வெட்டாமல், நிறம் மாற்றாமல் நாம் எதைத்தான் அச்சிடுகிறோம்? இவற்றோடு நாலாவதாக, அதேபோல் பகிர் என்று ஒன்று இருக்கிறது. படத்தை மாற்றாமல் நூலின் உள்ளே ஒரு பக்கத்தில் வைத்தால் நூல் முழுவதற்கும் அந்த உரிமம் தொற்றாது. படத்தை வெட்டி, வேறு படத்தோடு கலந்து சுவரொட்டி செய்தால் அந்தச் சுவரொட்டியை நீங்களும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டிவரும். வாடிக்கையாளருக்கு அது ஒத்துவருமா என்று முன்பே கேளுங்கள்.

பெயர் குறிப்பிடுவதில் சோம்பல் வேண்டாம். எடுத்தவர் பெயர், எடுத்த தளம், உரிமத்தின் பெயர், மாற்றியிருந்தால் மாற்றியது என்ற குறிப்பு. பதாகையின் கீழ் ஓரத்தில் ஆறு புள்ளி எழுத்தில் ஒரு வரி. நம் சட்டம் படைத்தவரின் பெயரைக் காட்டும் உரிமையைத் தனியாகவே காக்கிறது. கட்டாயம் இல்லாத தளத்துப் படத்துக்கும் நான் பெயர் போடுவேன். வெயிலில் நின்று எடுத்தவர் அவர்.

தளங்களின் விதிகள் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். அன்ஸ்பிளாஷ் 2017இலும் பிக்ஸபே 2019இலும் முழுச் சுதந்திரமான உரிமத்தைக் கைவிட்டுத் தங்கள் சொந்த உரிமத்துக்கு மாறின. ஆகவே படத்தை இறக்கும் அன்றே உரிமம் தெரியும்படி அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து, முகவரியோடும் தேதியோடும் அந்த வேலையின் கோப்புறையிலேயே போட்டுவையுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் அதுதான் உங்கள் சாட்சி.

உரிமம் படம் எடுத்தவரின் உரிமையை மட்டுமே தீர்க்கிறது. படத்தில் இருக்கும் மனிதர் வேறு. மீன் சந்தையில் சிரிக்கும் ஒரு பெண்ணின் படத்தை உரிமம் அனுமதித்தாலும், கடன் நிறுவனத்தின் விளம்பரத்திலோ கட்சிச் சுவரொட்டியிலோ அவரைப் போட அவர் சம்மதிக்கவில்லை. 2004 சுனாமியின்போதும் போரில் இடம்பெயர்ந்தபோதும் எடுத்த படங்கள் இலவசக் களஞ்சியங்களில் இருக்கின்றன. அதில் அழுகிற பிள்ளை இன்று வளர்ந்து இதே ஊரில் இருக்கலாம். நிதி சேர்க்கும் பிரசுரத்துக்குக்கூட முகம் தெரியும் படத்தை எடுக்காதீர்கள். கரை, வீடு, கைகள், படகு போதும்.

அச்சுக்குப் போகுமுன்

அளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ4 தாளுக்கு முழுப்பக்கப் படம் என்றால் 2480க்கு 3508 படப்புள்ளிகள், ஏ3க்கு 3508க்கு 4961. தூரத்தில் நின்று பார்க்கும் பெரிய பதாகைக்கு அங்குலத்துக்கு 72 புள்ளியே போதும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் சுருங்கிப்போயிருக்கும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். நிலாவெளிக் கடலின் பச்சைநீலம் திரையில் ஒளிரும் அளவு அச்சில் வராது. நான்கு நிற முறைக்கு மாற்றிப் பார்த்த பிறகே வாடிக்கையாளருக்கு மாதிரி காட்டுங்கள். டிசம்பர் மாத விருந்தாளிகளுக்கான பிரசுரத்தில் ஜூன் மாதத்து அமைதிக் கடலைப் போடுவதும் சரியல்ல. மழைக்காலக் கடல் சாம்பல் நிறம், அலையும் பெரிது. வருபவர் அதைத் தெரிந்து வரட்டும்.

கிடைக்காத படங்கள்

இவ்வளவு தேடியும் சில படங்கள் கிடைக்காது. கோணேஸ்வரத்துக்கும் நிலாவெளிக்கும் குறைவில்லை. ஆனால் கரைவலை இழுக்கும் வரிசை, மூதூர் இறங்குதுறை, கிண்ணியாப் பாலத்தில் மாலை, பத்திரகாளி அம்மன் கோயில் வீதியின் கடைகள், கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களின் அருகே நடந்து போகும் பள்ளிப் பிள்ளைகள் என்று நாம் தினமும் பார்ப்பவை இலவசக் களஞ்சியங்களில் அரிது. வெளியார் பார்க்க வந்ததைத்தான் எடுத்தார்கள். மற்றதை நாம்தான் எடுக்க வேண்டும். இன்றைய கைத்தொலைபேசியின் படம் ஏ4 அச்சுக்குத் தாராளமாகப் போதும்.

எடுக்கும்போது சில எல்லைகள் உண்டு. கடற்படைத் தளத்தையும் படையினரின் காவல் நிலைகளையும் எடுக்க வேண்டாம். ஃபோர்ட் பிரெட்ரிக்குக்குள்ளும் இராணுவம் இருக்கிறது, அறிவிப்புப் பலகையைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். கோயிலுக்குள் பரிபாலன சபையிடம் கேட்டே எடுங்கள், மூலஸ்தானத்தை எடுக்க வேண்டாம். முகம் தெரிய ஒருவரை எடுத்தால் எதற்காக என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

எடுத்ததில் நல்லதை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். கணக்கு ஒன்று திறந்து, பதிவேற்றும் பக்கத்தில் இது என் சொந்தப் படைப்பு என்பதைத் தெரிவு செய்து, பெயர் குறிப்பிடும் உரிமத்தைக் கொடுத்தால் போதும். கோப்பின் பெயரில் இடத்தை எழுதுங்கள். தொலைபேசி தரும் எண்ணை அப்படியே விட்டால் யாருக்கும் அகப்படாது. விவரத்தைத் தமிழிலும், முடிந்தால் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள்: என்ன தொழில், எந்தக் கரை, எந்த மாதம். பகுப்பில் திருகோணமலை மாவட்டத்தைச் சேர்த்துவிடுங்கள். வாடிக்கையாளருக்காகக் காசு வாங்கி எடுத்த படம் என்றால் அதை ஏற்றுமுன் அவரிடம் எழுத்தில் சம்மதம் பெற்றுக்கொள்ளுங்கள்.